மீயொலித் தாரையில் சுழற்சி செய்வதும் செய்யாததும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் ஸ்கிராம்ஜெட் எஞ்சினை, அதாவது ஒலியைவிட வேகமாகத் தன்னுள் ஓடும் காற்றிலேயே எரிபொருளை எரிக்கும் எஞ்சினைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இத்தகைய ஒரு பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப் பக்கம் ஒதுக்கியதே எனக்கு மகிழ்ச்சி. ஆனால், கட்டுரையின் நடுவே வரும் ஒரு பத்தி வாசகர்களைத் தவறான முடிவுக்குக் கொண்டு செல்லும் என்று அஞ்சுகிறேன். ஒலியைவிட வேகமாக ஓடும் காற்றில் எரிபொருளைக் கலப்பது கடினம் என்றும், அதனால் எரிபொருளைச் சுழற்றி உள்ளே விடுகிறார்கள் என்றும், துப்பாக்கிக் குண்டு சுழல்வதால் நேராகச் செல்வதைப் போலச் சுழலும் தாரையும் (பீய்ச்சிவரும் வாயு ஓட்டமும்) நிலைபெற்று நன்றாகக் கலக்கிறது என்றும் அந்தப் பத்தி கூறுகிறது. முதல் கூற்று முற்றிலும் சரி. இரண்டாவது ஓரளவு சரி. மூன்றாவது தன்னைத்தானே மறுத்துக்கொள்கிறது. ஏனெனில் நிலைபெற்ற தாரை கலக்காது, நிலைகுலைந்த தாரைதான் கலக்கும். வாயு இயக்கவியலைப் பல ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதைச் சற்று விரிவாக விளக்க அனுமதிக்க வேண்டுகிறேன்.

கடினம் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். மாக் 6 வேகத்தில், அதாவது ஒலியைப் போல ஆறு மடங்கு வேகத்தில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஒரு கலம் நொடிக்குச் சுமார் 1,800 மீட்டர் கடக்கிறது. உள்ளே நுழையும் காற்று அதிர்ச்சி அலைகளால் அமுக்கப்பட்டுச் சற்று வேகம் தணிந்தாலும், எரியறையில் அது நொடிக்கு 1,500 மீட்டர் அளவில் ஓடிக்கொண்டிருக்கும். எரியறையின் நீளம் ஒரு மீட்டர் என்று கொண்டால், ஒரு துளிக் காற்று அதற்குள் தங்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணிமைப்பையும் கைநொடியையும் ஒரு மாத்திரை என்று நம் இலக்கணம் அளந்தது. அந்த ஒரு மாத்திரைக்குள் எரியறைக் காற்று நூறு முறைக்கு மேல் முழுமையாக மாறிவிடும். அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் எரிபொருள் உள்ளே வந்து, பரவி, மூலக்கூறு அளவில் காற்றோடு கலந்து, தீப்பற்றி, எரிந்து முடிய வேண்டும். ஹைட்ரஜனைப் பொறுத்தவரை எரிவதற்கான நேரம் பெரிய தடையன்று. கலப்பதற்கான நேரம்தான் தடை.

நேரக்குறைவு மட்டுமே சிக்கல் என்றால் எரியறையை நீட்டிச் சமாளித்துவிடலாம். அதற்கு அடியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கட்டுரை விட்டுவிட்டது அதைத்தான். இரண்டு காற்றோட்டங்கள் வெவ்வேறு வேகத்தில் அருகருகே ஓடும்போது, அவற்றின் இடையில் உருவாகும் கலப்புப் படலம் கீழ்நோக்கிச் செல்லச் செல்லத் தடித்துக்கொண்டே போகும். ஒலியின் வேகத்தைக் கடந்தால் அந்தப் படலம் தடிப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்பது பல சோதனைகளில் தெரிந்திருந்தது. வேகமான தாரை குளிர்ந்து அடர்த்தி மாறுவதே அதற்குக் காரணம் என்று பலர் கருதி வந்தனர். 1974இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பிரவுன், ரோஷ்கோ ஆகிய இருவரும் ஹீலியத்தையும் நைட்ரஜனையும் குறைந்த வேகத்தில் அருகருகே ஓடவிட்டுப் பார்த்தார்கள். இரு வாயுக்களின் அடர்த்தியில் ஏழு மடங்கு வேறுபாடு இருந்தும், படலம் அந்த அளவுக்கு ஒடுங்கவில்லை. அடர்த்தியின் மீது சுமத்தப்பட்ட பழி தவறு என்றும், காற்றின் அமுங்குதன்மையே, அதாவது அழுத்தத்தால் அது சுருங்கி விரியும் இயல்பே காரணம் என்றும் அப்போது தெளிவாயிற்று. கொந்தளிப்பு என்பது ஒழுங்கே இல்லாத குழப்பம் என்ற எண்ணத்தையும் அந்தப் படங்கள் மாற்றின. கடல் அலை சுருண்டு விழுவதைப் போன்ற பெரிய உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாய்ச் செல்வது அவற்றில் கண்கூடாகத் தெரிந்தது.

அந்த உருளைகள்தாம் கலப்பின் உழைப்பாளிகள். ஒவ்வொன்றும் இருபுறத்துக் காற்றையும் தன்னுள் சுருட்டி இழுக்கிறது. அப்படி உருளை உருவாக வேண்டுமானால், படலத்தின் ஓரிடத்தில் ஏற்படும் மேடுபள்ளத்தை அண்டைப் பகுதிகள் அழுத்த மாற்றமாக உணர வேண்டும். அழுத்தச் செய்தி ஒலியின் வேகத்தில்தான் பரவும். உருளை தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சார்ந்து ஒலிக்கு நிகரான வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தால், செய்தி போய்ச் சேர்வதற்குள் இடம் மாறிவிடுகிறது. உருளை தளர்கிறது, படலம் மெலிகிறது. உருளையின் இந்தச் சார்பு வேகத்தை ஒலியின் வேகத்தோடு ஒப்பிடும் அளவை, சார்பு மாக் எண் என்று வைத்துக்கொள்வோம். பாப்பமோஸ்கோவும் ரோஷ்கோவும் 1988இல் வெளியிட்ட அளவீடுகளில், இந்த எண் 1ஐ நெருங்கிக் கடக்கும்போது படலத்தின் வளர்ச்சி, குறைந்த வேகத்தில் இருந்ததில் நான்கில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. அறை வெப்பநிலையில் உள்ள தொட்டியிலிருந்து மாக் 2இல் வெளிவரும் காற்றுத் தாரைக்கு நானே கணக்கிட்டுப் பார்த்தேன். தாரையின் வேகம் நொடிக்குச் சுமார் 518 மீட்டர், அதற்குள் ஒலியின் வேகம் 259, வெளியே 347. சார்பு மாக் எண் ஏறத்தாழ 0.85 வருகிறது. அதாவது, கல்லூரி ஆய்வகத்தில் கிடைக்கும் மிகச் சாதாரணமான மீயொலித் தாரையிலேயே, அதாவது ஒலியைவிட வேகமான தாரையிலேயே, இந்தத் தடை முழு வலிமையோடு நிற்கிறது.

இந்த நிலையில்தான் சுழற்சியைப் பற்றிப் பேச வேண்டும். சுழற்சியின் பலன் வெறும் மையவிலக்கு விசை எரிபொருளை வெளியே வீசுவதால் வருவதன்று. 1916இல் ராலே பிரபு காட்டிய எளிய அளவுகோல் இதற்குப் போதும். சுழலும் பாய்மத்தில், ஆரத்தையும் அந்த ஆரத்தில் உள்ள சுழல்வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள். அந்தப் பெருக்கல் தொகை வெளிநோக்கிச் செல்லச் செல்லக் கூடினால் ஓட்டம் நிலைபெற்றது; குறைந்தால் நிலைகுலையும். தாரையின் நடுப்பகுதி ஒரு திடப்பொருளைப் போல ஒன்றாகச் சுழல்கிறது. அங்கே அந்தத் தொகை வெளிநோக்கிக் கூடிக்கொண்டே போகும். எனவே சுழற்சி அங்கே கொந்தளிப்பை அடக்குகிறது; கலப்புக்கு உதவாதது மட்டுமன்று, எதிராகவே நிற்கிறது. தாரையின் விளிம்பில் நிலைமை தலைகீழ். உள்ளே சுழலும் காற்று, வெளியே சுழற்சியே இல்லாத காற்று. தொகை ஒரு மெல்லிய படலத்துக்குள் சரிந்து சுழியத்துக்கு இறங்குகிறது. வேகமாகச் சுழலும் துணுக்கு ஒன்று சற்றே வெளியே தள்ளப்பட்டால், அங்குள்ள அழுத்தச் சரிவு அதைப் பிடித்து நிறுத்தப் போதாமல், மேலும் வெளியே ஓடிவிடுகிறது. அதன் இடத்துக்கு வெளிக்காற்று உள்ளே விழுகிறது. ஒரே சுழற்சி, நடுவில் அமைதியையும் விளிம்பில் கலகத்தையும் ஒருசேர உண்டாக்குகிறது. துப்பாக்கிக் குண்டு உவமை இதனால்தான் பொருந்தவில்லை. குண்டு திடப்பொருள், அதற்குக் கலக்கும் விளிம்பு கிடையாது.

விளிம்பில் இன்னொன்றும் நடக்கிறது. சுழற்சி இல்லாத தாரையில் உருளைகள் தாரையைச் சுற்றி வளையல்களாக அமைகின்றன. சுழற்சி சேர்ந்தால், ஓட்டத்தின் திசையிலேயே நீளும் முறுக்குகளும் உருவாகின்றன. அமுங்குதன்மை வளையல்களைத் தளரச் செய்யும் அளவுக்கு இந்த நீள்முறுக்குகளைத் தளரச் செய்வதில்லை. மீயொலி வேகத்தில் இழந்ததைச் சுழற்சியால் ஓரளவு மீட்க முடிவதற்கு அடிப்படையான காரணம் இதுதான் என்பது என் கருத்து. மையவிலக்கு விசையைப் பற்றி எத்தனை பத்தி எழுதினாலும் இந்த ஒரு செய்தி விடுபட்டால் வாசகருக்கு விஷயம் கிடைக்காது.

எவ்வளவு மீட்கலாம்? பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நாட்டன், கட்டஃபெஸ்டா, செட்டில்ஸ் ஆகியோர் செய்து 1997இல் வெளியிட்ட சோதனைகள் இத்துறையில் பலரும் எடுத்துக்காட்டுபவை. சுழற்சியில்லாத இணையான தாரையோடு ஒப்பிட்டபோது, சுழலும் தாரை வெளிக்காற்றைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும் அளவு 60 சதவீதம் வரை கூடியதை அவர்கள் அளந்தார்கள். அறுபது சதவீதம் பெரிய ஆதாயம். ஆனால், வளர்ச்சி ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிய இடத்தில் அதன் மேல் 60 சதவீதம் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட வந்து சேராது என்பதையும் உடனே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். சுழற்றியதும் சிக்கல் தீர்ந்தது என்ற தொனியில் கட்டுரை முடிந்ததை நான் ஏற்காதது இதனால்தான்.

ஆய்வகத்தில் நான் கண்டதைச் சொன்னால் வாசகர்களுக்கு இது இன்னும் தெளிவாகலாம் என்று நம்புகிறேன். எங்களிடம் இருந்தது சிறிய அமைப்பு. காலை முழுவதும் கம்ப்ரசரை ஓட்டித் தொட்டிகளை நிரப்புவோம். காற்றில் ஈரம் இருந்தால் தாரைக்குள் அது பனியாக உறைந்து படத்தைக் கெடுத்துவிடும் என்பதால், சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாய் வழியே அதைச் செலுத்துவோம். நீலமாக இருக்கும் மணிகள் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அன்று சோதனை கிடையாது, மணிகளை அடுப்பில் வறுத்து உலர்த்த வேண்டும். மாக் 2 தாரையை வெளிவிடும் குழல்வாய்க்கு, அதாவது நாசிலுக்கு, உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைப் போல 7.8 மடங்கு தேவை. தாரையின் இருபுறமும் இரண்டு குழியாடிகள். ஒளி குவியும் இடத்தில் ஒரு சாதாரணச் சவர பிளேடின் விளிம்பு. எதிரே வெள்ளைத் திரை. ஆகஸ்ட் டெப்லர் (Toepler) என்ற ஜெர்மானியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த, காற்றின் அடர்த்தி மாற்றங்களை ஒளி நிழலாகக் காட்டும் ஷ்லீரன் முறை இது. வால்வைத் திறந்ததும் காதடைப்பானையும் மீறி ஓசை நெஞ்சில் அறையும். திரையில், வெளிறிய சாய்சதுரங்கள் கோத்த மாலைபோல அதிர்ச்சி அலைகள் தோன்றும். தாரையின் இரு ஓரங்களும் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்ததுபோல வெகுதூரம் மெலிந்தே செல்லும். அந்த மெலிவைப் பார்த்த பிறகு, அமுங்குதன்மை என்ற சொல்லை எந்த மாணவருக்கும் நான் மறுபடி விளக்க நேர்ந்ததில்லை.

பிறகு, துளைகளைச் சாய்வாக இட்ட பித்தளை வளையம் ஒன்றை நாசிலுக்கு முந்தைய அறையில் பொருத்தி மறுபடி இயக்குவோம். ஓரங்கள் பிய்ந்த பருத்தித் திரிபோலத் தடிக்கும். சாய்சதுரங்கள் சீக்கிரமே மங்கிவிடும். மாணவர்கள் உற்சாகத்தில் கைதட்டுவார்கள். அப்போது நான் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்வது வழக்கம். முதலாவது, இந்தப் படம் தாரையின் குறுக்கே ஒளி கடந்த வழியில் இருந்த அடர்த்தி மாற்றங்கள் அனைத்தையும் கூட்டிக் காட்டுகிறது. படம் தடித்துத் தெரிவதாலேயே கலந்துவிட்டது என்று எழுதக் கூடாது. ஓட்டத்தின் அழுத்தத்தை அளக்கும் மெல்லிய பிட்டோ குழாயை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி அழுத்தத்தை அளந்த பிறகே எதையும் சொல்லலாம். இரண்டாவது, வெளிக்காற்று உள்ளே வருவது வேறு, அது எரிபொருளோடு கலப்பது வேறு. பாலில் டிகாக்‌ஷனை ஊற்றியவுடன் பழுப்பும் வெள்ளையுமாக இழைகள் ஓடுகின்றன. டம்ளருக்குள் இரண்டும் வந்துவிட்டன, ஆனால் காப்பி இன்னும் ஆகவில்லை. ஆற்ற ஆற்ற இழைகள் நீண்டு, மெலிந்து, கடைசியில் ஒரே நிறமாகின்றன. எரிதலுக்குத் தேவை அந்தக் கடைசி நிலை. சுழற்சி இழைகளை நீட்டி மெலியச் செய்கிறது, அதனால் மூலக்கூறுகள் கடக்க வேண்டிய தூரம் குறைகிறது. கடப்பது என்னவோ மூலக்கூறுகளின் வேலைதான்.

சுழற்சியை வேண்டிய அளவு கூட்டிக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். நாசில் அதற்கு இடம் கொடுப்பதில்லை. மேலே சொன்ன மாக் 2 தாரையையே எடுத்துக்கொள்வோம். சுழற்சி தரப்படும் அறையின் விட்டம் நாசில் வாயின் விட்டத்தைப் போல நான்கு மடங்கு என்று வைத்துக்கொண்டால், அறையில் காற்று முன்னோக்கிச் செல்லும் வேகம் நொடிக்கு 7 மீட்டர் சொச்சம்தான் இருக்கும். தாரையின் விளிம்பில் நொடிக்கு 100 மீட்டர் சுழல்வேகம் வேண்டுமானால், கோண உந்தம் மாறாது என்பதால், அறையின் சுவரோரம் 25 மீட்டர் தேவை. அதாவது அறைக்குள் காற்று ஏறக்குறைய 73 பாகை சாய்வில், திருகாணியின் புரியைப் போல மிக நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. நாசிலைக் கடக்கும்போது சுழல்வேகம் நான்கு மடங்கு பெருகுகிறது. முன்வேகமோ எழுபது மடங்கு பெருகிவிடுகிறது. வெளியே வரும்போது சாய்வு 11 பாகைக்கு மேல் இல்லை. அறைக்குள் சுழலாகத் தெரிந்தது வாயிலில் ஒரு மெல்லிய முறுக்காகச் சுருங்கிவிடுகிறது. விமான டர்பைன் எஞ்சின்களின் எரியறையில் காற்று மெதுவாக ஓடுவதால், சுழற்சியைக் கூட்டி நடுவில் ஓட்டமே பின்னோக்கித் திரும்பும்படி செய்து, அந்தத் திரும்பலில் சுடரை நிறுத்தி வைக்கிறார்கள். அந்த உத்தியை அப்படியே மீயொலித் தாரைக்குக் கொண்டுவர முடியாது.

விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதே கணக்கில், தாரையின் விளிம்பில் சுழற்சியில் அடங்கியுள்ள இயக்க ஆற்றல் அங்குள்ள முன்னோட்டத்தின் இயக்க ஆற்றலில் ஏறத்தாழ 4 சதவீதம். சிறிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் அது உந்துவிசையாகத் திரும்பி வராத ஆற்றல். வளையங்களிலும் சாய்வுத் துளைகளிலும் உராய்ந்து இழக்கும் அழுத்தம் தனி. தொண்டைப் பகுதி வழியே செல்லும் நிறையும் சுழற்சியால் சற்றுக் குறையும். ஸ்கிராம்ஜெட்டில் எஞ்சின் தரும் உந்துவிசைக்கும் கலத்தின் மீதான இழுவைக்கும் இடையில் உள்ள மிச்சம் மிக மெல்லியது. அங்கே ஓரிரு சதவீதம் என்பது முடுக்கத்துக்கும் தளர்வுக்கும் இடையிலான வேறுபாடாகிவிடக் கூடும். சுழற்சிக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். தாரை முன்னேறும்போது முன்வேகத்தைவிடச் சுழல்வேகம் விரைவாகத் தேய்கிறது. ஆகவே அதன் பலன் நாசிலை அடுத்த சிறு தொலைவுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. எரியறை குட்டையாக இருக்கும்போது இது குறையன்று.

நீள்முறுக்குகளை உண்டாக்க வேறு வழிகளும் உண்டு. நாசில் வாயில் சிறு தகடுகளை நீட்டி வைக்கலாம், கான்பூர் ஐ.ஐ.டி.யில் எத்திராஜன் இராதாகிருஷ்ணன் இதில் நெடுங்காலம் உழைத்திருக்கிறார். சுவரில் சாய்தளங்களை அமைத்து அவற்றின் முனையிலிருந்து எரிபொருளை விடலாம். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் வெய்ட்ஸ், மார்பிள், சுகோஸ்கி ஆகியோர் ஆராய்ந்தது என்னை மிகவும் கவர்ந்த வழி: இலேசான ஹைட்ரஜன் தாரையின் மீது ஓர் அதிர்ச்சி அலை கடந்து போகும்படி செய்தால், இலேசான வாயுவும் கனமான காற்றும் வெவ்வேறு அளவில் முடுக்கப்பட்டு, தாரை தானாகவே இரட்டை முறுக்காகச் சுருண்டுவிடும். எரியறையில் எப்படியும் இருக்கப்போகும் அதிர்ச்சி அலையே கலக்கும் மத்தாகிறது. சுழற்சி இவற்றுள் ஒரு வழி, ஒரே வழியன்று.

நம் நாட்டுச் சாதனைகளைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. 2016 ஆகஸ்ட் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ராக்கெட்டில் இஸ்ரோ இரண்டு ஸ்கிராம்ஜெட் எஞ்சின்களை மாக் 6 வேகத்தில் 5 நொடிகள் எரியச் செய்தது. 2020 செப்டம்பர் 7 அன்று பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனைக் கலத்தில் எரிதல் 20 நொடிகளுக்கு மேல் நீடித்தது. 2025 ஏப்ரலில் ஐதராபாத்தில் தரையில் நடந்த சோதனையில், குளிர்விக்கப்படும் எரியறை ஒன்று 1,000 நொடிகளைக் கடந்தது. இந்தச் செய்திகள் வெளிவந்தபோதெல்லாம் நாளிதழ்கள் வேகத்தையும் நொடிகளையும் தலைப்பில் போட்டன. அந்த நொடிகள் ஒவ்வொன்றிலும் ஆயிரம் முறைக்கு மேல் புதிய காற்று வந்து, புதிய எரிபொருளோடு கலந்து, எரிந்து வெளியேறியிருக்கிறது. அந்தக் கலப்பைச் சாத்தியமாக்கியவர்களின் உழைப்புக்கு ஒரு வரிகூட இல்லாமல் போவது எனக்கு வருத்தம் தருகிறது.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். துப்பாக்கிக் குண்டு உவமையைத் திருத்தி, சுழற்சி தாரையின் விளிம்பை நிலைகுலையச் செய்வதால்தான் கலப்பு கூடுகிறது என்று ஒரு சிறு குறிப்பு வெளியிடுங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் தங்கள் அறிவியல் பக்கத்தை வெட்டிக் கோப்பில் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன், தவறு அங்கேயே தங்கிவிடக் கூடாது. அடுத்த முறை ஸ்கிராம்ஜெட் சோதனை நடந்து தங்கள் நிருபர் விஞ்ஞானிகளைச் சந்திக்கும்போது, எவ்வளவு வேகம், எத்தனை நொடி என்பதோடு, உள்ளே விட்ட எரிபொருளில் எவ்வளவு பங்கு எரியறைக்குள்ளேயே எரிந்து முடிந்தது என்றும், அதைக் கலப்பதற்கு எந்த வழியைக் கையாண்டார்கள் என்றும், அதற்காக எவ்வளவு அழுத்தத்தை இழக்க வேண்டியிருந்தது என்றும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பொறியியல் கல்லூரி ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.